சிவப்புப் பொட்டு வைத்த பட்டன்

அத்தியாயம் 11

விரலுக்குத் தனியாக ஒரு ஞாபகம் உண்டு என்று ஷர்லி இருபத்து மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு மாடி அறையில், பத்துப் பேர் பார்த்திருக்க நொறுங்கியது.

திரையில் 'புது ஆட்டம் தொடங்க A அமுக்கவும்' என்று வந்தது. ஷர்லி திரையைத்தான் பார்த்தாள். கையில் இருந்த கன்ட்ரோலரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் அமுக்கத்தானே இத்தனை நாள் பாடு? கட்டைவிரல் தானாக வலப்பக்கத்துப் பட்டனுக்குப் போனது.

ஆட்டம் தொடங்கவில்லை. 'வெளியே போக வேண்டுமா?' என்று கேட்டது. மறுபடி அதே பட்டன். திரை பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி அமுக்கினாள். 'வெளியே போக வேண்டுமா?'

"என்னடி, கதவத் தெறக்குறதும் சாத்துறதுமா இருக்க?" என்றாள் பக்கத்து நாற்காலி இளமதி.

நாலைந்து பேர் சிரித்தார்கள். வகுப்பு எடுக்கும் கவியரசன் சார் பின்னால் வந்து நின்றார்.

"ஷர்லி, A-ன்னு போட்டிருக்கு. நீ ஏம்மா B-யவே அமுக்குற?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். நான்கு பட்டன்கள். கீழே A. வலப்பக்கம் B.

வீட்டில் அப்படி இல்லை. வீட்டில் A வலப்பக்கம் இருந்தது.

ஷர்லியை இத்தனை வாரமாகத் தெரிந்தவர்களுக்கு அவள் சுபாவமும் தெரியும். எதையும் நோட்டில் எழுதாமல் செய்ய மாட்டாள். எழுதின பிறகும் நம்ப மாட்டாள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்து இரண்டு வருஷத்தில் இரண்டு இன்டர்வியூ போனாள். இரண்டிலும் சரியான பதிலைச் சொல்லிவிட்டு, கூடவே "தப்பாக்கூட இருக்கலாம் சார்" என்றாள். இரண்டும் போயிற்று. பகலில் அன்னவாசல் ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் புதுக்கோட்டையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வகுப்பு என்று எட்டு மாதம் ஓடியது. இப்போது வீடியோ கேம் செய்கிற ஒரு திருச்சிக் கம்பெனி, அந்த வகுப்பில் இருக்கும் பதினோரு பேரில் இரண்டு பேரை எடுக்க வருகிறது. விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. கன்ட்ரோலரைப் பார்க்காமல் ஆடத் தெரிய வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

அதற்கு முன் ஷர்லி கன்ட்ரோலரைத் தொட்டதுகூட இல்லை. சிங்கப்பூர் கப்பல் பட்டறையிலிருந்து மூன்று மாத லீவில் வந்திருக்கும் அண்ணன் ஜெபக்குமார்தான் பெட்டியில் ஒரு கேம் மெஷின் கொண்டுவந்திருந்தான். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வகுப்பை நிறுத்திவிட்டு ஜெராக்ஸ் கடைக்கே முழுநேரமாகப் போய்விடுவதாக அம்மாவிடம் அவள் ஒத்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு இன்றைக்கு மூன்று மணிக்கு. காலையில் நடந்தது வெறும் ஒத்திகை; வகுப்புக்குக் கன்ட்ரோலர்கள் வந்ததே இன்றைக்குத்தான். அதில் அறுபது கட்டளைக்கு முப்பத்து நான்கு பிழை.

மெஷின் கோளாறோ என்று இளமதியின் கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தாள். கீழேதான் A. மூலையில் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். அதிலும் கீழேதான்.

"சார், இன்னும் ஒரு மணி நேரம் பழகிக்கிறேனே."

"கம்பெனிக்காரங்க மெஷின் மாட்ட வந்துட்டாங்கம்மா. பத்து மணிக்கு ரூமைக் குடுத்தாகணும்" என்றார் சார். அவளைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்குப் போக, பத்தேகால் அன்னவாசல் பஸ்ஸில் ஏறினாள். ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முதல் நாள், அறுபதுக்கு நாற்பத்தொரு பிழை. பத்தாம் நாள், பதினாறு. நேற்று, இரண்டு. ஒவ்வொரு நாளும் பக்கத்தின் தலைப்பில் நான்கு வட்டம் வரைந்து, வலது வட்டத்தில் சிவப்பு மையால் A என்று எழுதியிருந்தாள். இருபத்து மூன்று பக்கம், இருபத்து மூன்று தப்பு.

வழக்கமான ஷர்லி என்றால் சித்தன்னவாசல் திருப்பம் வருவதற்குள் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாள். இன்றைக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் கீழே இருப்பது நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வலப்பக்கம் வந்தது?

*

ஜெபக்குமார் டிவி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சிவரஞ்சனி நர்சரி பள்ளி டீச்சர்; சனிக்கிழமை அரை நாள்தான் என்றாலும் இன்னும் வரவில்லை. அம்மா அடைக்கலமேரி அடுப்படியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, அதுக்குள்ள வந்துட்ட? பரீட்சை மூணு மணிக்குத்தானே?"

ஷர்லி பையைக்கூட இறக்கவில்லை. "அண்ணே, A எங்கிட்டு இருக்கு?"

"வலப்பக்கம். ஏன்?"

"அங்க எல்லாத்துலயும் கீழ இருக்கு."

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். குறைப்பதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"அட ஆமா. நான்தான் செட்டிங்ல மாத்தி வச்சிருந்தேன். A-யும் B-யும் எடம் மாத்தி. மறந்தே போயிட்டேன் பாரு."

"எதுக்கு மாத்துன?"

"அங்க ரூம்ல ஒரு பய வச்சிருந்ததுல A வலப்பக்கம் இருக்கும். சில கம்பெனிக்காரன் அப்படித்தான் வைப்பான். அதுல ஆடி ஆடிப் பழகிருச்சு."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஷர்லி மெஷினைப் போட்டு, செட்டிங்கைத் தேடிப் போய், இரண்டு பட்டனையும் பழைய இடத்துக்கு மாற்றினாள். பிறகு கன்ட்ரோலரை எடுத்தாள். பட்டன்களின் மேல் நான்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. முதல் நாளே அண்ணன் அப்படி ஒட்டித்தான் கொடுத்தான். பழைய கன்ட்ரோலர், எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லி, சிவரஞ்சனியின் பொட்டு அட்டையிலிருந்து நான்கை உரித்து ஒட்டியிருந்தான். சிவப்பு என்றால் A. "நெத்திக்கு வைக்கிறத ரிமோட்டுக்கு வச்சிருக்கீங்க. நாளைக்கு அதுக்குப் பூவும் வைப்பீங்களா?" என்று அம்மா அப்போது கேலி செய்தாள்.

இனி சிவப்பு கீழே போக வேண்டும். நகத்தால் நெம்பி அந்தப் பொட்டை உரித்தாள்.

அடியில் B பளிச்சென்று இருந்தது.

அழியவில்லை. ஒரு கோடுகூடத் தேயவில்லை. மற்ற மூன்றையும் உரித்தாள். மூன்றும் அப்படியே.

"எழுத்து அழிஞ்சு போச்சுன்னு சொன்னே?"

ஜெபக்குமார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எழுத்து தெரிஞ்சா மொத நாளே நான் கேட்டிருப்பேன். அதுக்காக மறைச்சிருக்க. எதுக்குண்ணே?"

"ஏ, போய் பழகுற வழியப் பாருடி. நேரம் ஓடுது."

"சரி. நீ ஒரு தடவை ஆடிக் காட்டு. A கீழ இருக்கையில கை எப்படிப் போகணும்னு பாத்துக்கிறேன்."

"நீயே ஆடு."

"காட்டுண்ணே."

கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தாள். அவன் எடுத்துப் பிடித்தான். திரையில் A வந்தது. அவனுடைய வலது கட்டைவிரல் நீட்டினபடியே வலப்பக்கப் பட்டன் மேல் படுத்தது. கீழ்ப்பட்டனை மட்டும் அமுக்க வேண்டும் என்றால் நுனியை உள்பக்கமாக மடக்க வேண்டும். மடங்கவில்லை. அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். தோளைச் சாய்த்துப் பார்த்தான். நுனி அசையவேயில்லை, ஒரு குச்சியைப் போல நின்றது.

எட்டு மாதத்துக்கு முன் பட்டறையில் கையில் அடிபட்டதாகவும், தையல் போட்டு ஆறிவிட்டதாகவும் போனில் சொல்லியிருந்தான். வந்த நாளிலிருந்து சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். "தொரை ஆயிட்டாரு" என்று அம்மா சிரித்தாள். தண்ணீர் பாட்டில் மூடியை ஷர்லியிடம் நீட்டுவான். பட்டன் போடுகிற சட்டையே இல்லாமல், தலைவழியே மாட்டுகிற பனியனாகவே வாங்கி வந்திருந்தான். எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"முழுசா மடங்காதா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நரம்பு அறுந்துருச்சு. ஒட்ட வச்சாங்க. சரியா ஒட்டல."

"இத வச்சுக்கிட்டு கப்பல் சாரத்து மேல ஏறி எப்படி வேல பாப்ப? பிடி நழுவுனா?"

"மெதுவா பேசு." அடுப்படிப் பக்கம் பார்த்தான். "ஒங்க மதினிக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியக் கூடாது. பழகிக்குவேன்."

"எனக்கு மட்டும் ஏண்ணே தப்பா பழக்கி விட்ட?"

அவன் தலையைச் சொறிந்தான். சொன்ன பதில் உண்மையாக இருந்ததால்தான் சுட்டது. "நீ ரெண்டு நாள்ல விட்டுருவன்னு நெனச்சேன் பாப்பா. எப்பவும் அப்படித்தானே. நீ பாட்டுக்கு நோட்டுப் போட்டுக் கெளம்பிட்ட. பத்து நாள் ஆனப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஷர்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. ஒன்று ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றான்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். "நீ எழுத்தச் சொல்லு. நான் கண்ண மூடிக்கிட்டு அமுக்குறேன். எந்த பட்டன் அமுங்குதுன்னு பாத்து டிக் போடு. எடக் கையால போட்டாப் போதும்."

"A… X… A… B… A… Y…"

முதல் சுற்றில் இருபத்தேழு பிழை. A என்றதும் மனசு சிவப்பு என்றது. சிவப்பு என்றதும் விரல் வலப்பக்கம் ஓடியது. எழுத்திலிருந்து நிறத்துக்கும் நிறத்திலிருந்து இடத்துக்கும் சுற்றிப் போகிறது பாதை. அதை வெட்ட வேண்டும். நிறமே வேண்டாம். கீழே, வலது, இடது, மேலே. நாலே இடம்.

"நீ எழுத்தையே சொல்லு. நான் வாயால எடத்தச் சொல்லிக்கிட்டே அமுக்குறேன். A-ன்னா கீழ."

இரண்டாம் சுற்றில் பத்தொன்பது. மூன்றாவதில் இருபத்து மூன்று, ஏறிவிட்டது. கன்ட்ரோலரைத் தூக்கி எறியலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எறியவில்லை; போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். நாலாவது சுற்றில் பதினான்கு.

"கீழ, கீழ, வலது, மேல, கீழ…"

"என்னடி இது, வீட்டுக்குள்ள டிரில் கிளாஸா?" அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "சாப்புட்டுட்டு ஆடுங்க."

"அஞ்சே நிமிசம்மா."

ஐந்தாவது சுற்றில் பதினொன்று. நேரம் முடிந்தது.

நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டாள். எதிரே அண்ணன் கரண்டியால் கருவாட்டுக் குழம்பை அள்ளிக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

*

பஸ்ஸில் ஷர்லி ஒரு காரியம் செய்தாள். உரித்த நான்கு பொட்டையும் நோட்டு அட்டையின் மேல் ஒட்டினாள், இப்போது சிவப்பு கீழே. பஸ் குலுங்கக் குலுங்க, கண்ணை மூடி, உதடு அசைய, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தாள்.

"ஜெபமாம்மா?" என்றாள் பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள்.

"இல்லக்கா, பரீட்சை."

"ரெண்டும் ஒண்ணுதான். நல்லா எழுது."

மூன்று மணிக்குத் தேர்வு ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து வந்தவள் பெயர் சத்யபிரியா. முப்பது வயது இருக்கும். சுருக்கமாகப் பேசினாள்.

"மூணு சுற்று. படகு ஓட்டி மீன் பிடிக்கிற ஆட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் வேற வேற கன்ட்ரோலர் தருவோம். திரையில வர்றத அமுக்கணும். கையைப் பாத்தீங்கன்னா அதுவும் பிழைதான். ஆட்டத்துல ஏதாவது கோளாறு கண்ணுல பட்டா தாள்ல எழுதுங்க."

முதல் சுற்றில் ஷர்லிக்கு ஏழு பிழை. இளமதிக்கு ஒன்று. முன் வரிசையில் ஒருவனுக்குப் பிழையே இல்லை. ஷர்லியின் உள்ளங்கை ஈரமாகிக் கன்ட்ரோலர் வழுக்கியது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கீழே, வலது, இடது, மேலே.

இரண்டாம் சுற்றுக் கன்ட்ரோலரில் எழுத்தே இல்லை. பெருக்கல் குறி, வட்டம், சதுரம், முக்கோணம். அறை முழுக்க முணுமுணுப்பு. எழுத்தை நம்பி வந்தவர்களுக்குக் கை திகைத்தது. மத்தியானம் முழுக்க இடத்தை மட்டுமே மனப்பாடம் செய்தவளுக்கு, பெருக்கல் குறி என்றால் கீழே என்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதுமாயிருந்தது. ஐந்து பிழை.

மூன்றாம் சுற்றுக் கன்ட்ரோலரை மேஜை மேல் வைத்தார்கள். தொடுவதற்கு முன் பார்க்க அனுமதி உண்டு. ஷர்லி பார்த்தாள்.

வலப்பக்கம் A.

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, மூன்று விநாடி கண்ணை மூடினாள். மத்தியானம் வெட்டின பாதையை மறுபடி திறந்தாள். சிவப்பு. வலது. இருபத்து மூன்று நாள்.

சுற்றிலும் 'வெளியே போக வேண்டுமா?' என்று திரை திரையாகக் கேட்டது. இளமதி "ச்சீ" என்றாள், அப்புறம் "ஐயோ" என்றாள். ஷர்லியின் படகு கரையைத் தாண்டி ஆழத்துக்குப் போய், வலை வீசி, திரும்பியது. அறுபதுக்கு ஒரு பிழை. அதுவும் நாலாவது கட்டளையில்; அதன் பிறகு கிடையாது.

மற்றவர்கள் முடிப்பதற்குள் அவளுக்கு எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. ஆட்டத்தின் செட்டிங்கைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சத்தம், வெளிச்சம், மொழி. தேடினது இல்லை. மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். இல்லவே இல்லை.

தாளில் கடைசிக் கேள்வி: இந்த ஆட்டத்தில் இருக்க வேண்டியது எது இல்லை?

எழுதினாள்: 'பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ள வழியில்லை. வலது கட்டைவிரலின் நுனி மடங்காத ஒருவரால் கீழ்ப்பட்டனைத் தனியாக அமுக்க முடியாது. A-யை வலப்பக்கம் வைத்துக்கொள்ள விட்டால் அவர் நன்றாக ஆடுவார்.'

'தப்பாகவும் இருக்கலாம்' என்று அடுத்த வரியில் எழுதப் பேனா போனது. எழுதாமல் மூடி போட்டாள்.

ஐந்து மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சத்யபிரியா அவள் தாளைக் கையில் வைத்திருந்தாள்.

"மொத சுற்றுல ஏழு. கொஞ்சம் அதிகம்."

"ஆமாங்க. காலையில முப்பத்து நாலு."

சத்யபிரியா நிமிர்ந்து பார்த்தாள். "மூணாவதுல ஒண்ணு. இங்க வேற யாருக்கும் பத்துக்குக் கம்மி இல்ல. அது இருக்கட்டும், இந்தக் கடைசிப் பதில்… யோசிச்சு எழுதுனீங்களா, இப்படி ஒருத்தர நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான்."

"திங்கட்கிழமை திருச்சி ஆபீஸ்ல வந்து சேருங்க. ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தர்." தாளைக் கோப்பில் வைத்தாள். "அவரு சம்மதிச்சா அவரையும் கூட்டிட்டு வாங்க. பட்டன் மாத்துற செட்டிங் போடணும்னு ரெண்டு மாசமா பேசிக்கிட்டே இருக்கோம். இப்படிப்பட்ட ஒரு கையை யாரும் கேட்டதில்ல. ஒக்காந்து சோதிச்சுக் குடுத்தாருன்னா அதுக்கும் சம்பளம் உண்டு."

மாடிப்படி இறங்கும்போது ஷர்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிப் படியில் போன் அடித்தது. சிவரஞ்சனி.

"ஷர்லி! என்னாச்சு?"

"கெடச்சிருச்சு மதினி."

"அத்தே! கெடச்சிருச்சாம்!" என்று அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பிறகு மூச்சு வாங்கி, "இங்க இன்னொரு சங்கதி. ஒங்க அண்ணன் மத்தியானம் நீ போனதும் டிக்கெட் போட்டுட்டாரு. வியாழக்கிழம கெளம்புறாராம். இன்னும் மூணு வாரம் லீவு இருக்கு, கேட்டா பட்டறையில கூப்புடுறாங்கங்கிறாரு. மொகமே சரியில்ல. நீ ஏதாச்சும் சொன்னியா?"

ஷர்லி சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"அண்ணன்கிட்ட குடுங்க மதினி."

போன் கை மாறியது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. "பாப்பா" என்றான் ஜெபக்குமார். "கெடச்சிருச்சா? நெசமாவா?" அந்தச் சந்தோஷம் உண்மையாகவே இருந்தது. அடுத்த வார்த்தையில் அது இறங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடலையே?"

ஷர்லி நோட்டு அட்டையைப் பார்த்தாள். கீழே இருந்த சிவப்புப் பொட்டு பாதி உரிந்து நின்றது. கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டினாள்.

"அண்ணே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வந்துருவேன். அம்மா, மதினி எல்லாரும் இருப்பாங்க. நீ கரண்டியத் தொடாத. கையால நாலு வாய் சோறு தின்னு காட்டு."

"ஏ…"

"தின்னுட்டீன்னா வியாழக்கிழம நானே ஒன்ன ஏர்போர்ட்டுல ஏத்திவிட்டுட்டு வாரேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் போனை வைக்கவில்லை.

தெருமுனையில் அன்னவாசல் பஸ் ஹாரன் அடித்தது. ஷர்லி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள்.